எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம்: ஸ்பெக்ட்ரம் அனலைசரில் வீச்சுப் பரவலை அளப்பது

மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றின் எதிரே ஆன்டெனாவை நிறுத்தி, ஸ்பெக்ட்ரம் அனலைசரை 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, திரையை 'மேக்ஸ் ஹோல்டு' முறையில் சில நிமிடம் விட்டுப் பாருங்கள். கோடு மெல்ல மெல்ல ஏறி, பட்டையில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு மேடாக நின்றுவிடும். அந்தத் திரையை மட்டும் பார்க்கிறவர், அடுப்பு ஓடும் வீட்டில் வைஃபை வேலை செய்யவே வழியில்லை என்று முடிவுகட்டுவார். ஆனால் அதே வீட்டில் அதே நேரத்தில் வைஃபை பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் குறையும், தொடர்பு முழுக்க அறுந்துவிடுவதில்லை. மின்மாற்றி வைத்த வழக்கமான அடுப்பில் மேக்னெட்ரான் மின்சாரத்தின் ஓர் அரைச்சுற்றில் மட்டுமே எரிகிறது என்பதுதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை எரியும். அந்த 20-லும் பாதிக்குக் குறைவான நேரமே எரியும். மீதி நேரம் அலைவரிசை காலியாகக் கிடக்கிறது. எவ்வளவு உயரம் என்று திரை சொன்னது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.

விடுபட்ட அந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் வீச்சுப் பரவல் அளவீடு. ஓர் அலைவரிசையில், ஒரு குறிப்பிட்ட பட்டையகலத்துக்குள், சிக்னலின் வீச்சு −60 டிபிஎம்மைத் தாண்டி நின்ற நேரம் மொத்த நேரத்தில் எத்தனை பங்கு, −50-ஐத் தாண்டியது எத்தனை பங்கு, −40-ஐத் தாண்டியது எத்தனை பங்கு என்று மட்டம் மட்டமாகக் கணக்கெடுத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். மின்காந்த இடையூறு அளப்பவர்கள் இதை ஏபிடி என்கிறார்கள். செல்பேசித் துறையில் இதுவே சிசிடிஎஃப். முன்னவர்கள் வீச்சை நேரடி அளவாகவும், பின்னவர்கள் சராசரித் திறனுக்கு எத்தனை டெசிபெல் மேலே என்றும் குறிக்கிறார்கள். அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கணினியோடு இணைத்து, ஒரு புரோகிராம் எழுதி, இந்த வளைகோட்டை எடுக்க முடியுமா? எடுத்தால் எந்த இடம்வரை நம்பலாம்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான தேவைகளுக்குக் கருவி போதும். புரோகிராம் கட்டளைகளின் வரிசையாக மட்டும் இருந்தால்தான் போதாது. அது மாதிரி எடுக்கும் திட்டமாக இருக்க வேண்டும்: எந்த டிடெக்டர், எவ்வளவு இடைவெளி, எத்தனை மாதிரி என்பதை முதலில் தீர்மானித்து, அதற்குப் பிறகே கட்டளைக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் பாழான வளைகோடுகள்தான் நடைமுறையில் அதிகம். அவை பார்க்க அழகாகவே இருக்கும் என்பதால் பிழை கண்ணில் படுவதுமில்லை.

ஒற்றை எண்ணால் இடையூறை அளக்கும் பழக்கத்துக்கு நியாயமான பின்னணி உண்டு. வானொலி இடையூறுக்கான பன்னாட்டுக் குழுவான சிஸ்பர் 1934-இல் பாரீசில் தொடங்கியபோது, காப்பாற்ற வேண்டியிருந்தது ஏஎம் ஒலிபரப்பைக் கேட்கும் மனிதக் காதை. அரிதாக வரும் 'டிக்' சத்தம் காதை அவ்வளவாக உறுத்தாது. அடுத்தடுத்து வரும் சடசடப்பு உறுத்தும். இந்த உணர்வை ஒரு மின்சுற்றுக்குள் அடக்கிய குவாசி-பீக் டிடெக்டர் வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பட்டைகளில் ஏறும் காலம் 1 மில்லிவினாடி, இறங்கும் காலம் 550 மில்லிவினாடி. காதுக்காக அது பொருத்தமான அளவைதான். ஆனால் டிஜிட்டல் ரிசீவருக்குக் காது இல்லை. அதன் முடிவுச் சுற்றில் ஒரு வரம்பு இருக்கிறது. இடையூறு அந்த வரம்பை எத்தனை முறை, எவ்வளவு பங்கு நேரம் தாண்டுகிறது என்பதே அங்கே பிட் பிழையாக மாறுகிறது. குவாசி-பீக் தரும் எண்ணிலிருந்து அந்தப் பங்கைத் திரும்ப எடுக்க வழியே இல்லை.

பரவலை அளக்கும் முறை ஆய்வகத்தில் பிறக்கவில்லை, இடியிலும் மின்னலிலும் பிறந்தது. 1950-களில் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அமைப்பின் போல்டர் ஆய்வகத்தில் கிரிச்லோவும் அவருடைய குழுவினரும் வளிமண்டல வானொலி இரைச்சலை அளந்தார்கள். ஏஆர்என்-2 என்ற பதிவுக் கருவி உலகின் பல மூலைகளில் நிறுவப்பட்டது. புது தில்லியிலும் சிங்கப்பூரிலும் நைஜீரியாவின் இபாடானிலும் நிலையங்கள் இருந்தன. இடிமழை மிகுந்த வெப்பமண்டலத்தை விட்டுவிட்டு இந்த ஆய்வைச் செய்திருக்கவே முடியாது. அந்தத் தரவின் மீது எழுந்ததுதான் பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழுவான சிசிஐஆர் 1963-இல் ஜெனீவாவில் ஏற்ற 322-ஆம் அறிக்கை. உலக வரைபடத்தில் பருவம் பருவமாக, நான்கு மணிநேரப் பகுதி பகுதியாக, எங்கே எவ்வளவு இரைச்சல் என்று அது காட்டியது. சராசரித் திறனோடு அது நிற்கவில்லை. ஆர்எம்எஸ் மின்னழுத்தத்துக்கும் சராசரி மின்னழுத்தத்துக்கும் இடையே எத்தனை டெசிபெல் வித்தியாசம் என்ற இன்னொரு எண்ணையும் கொடுத்தது. வெறும் வெப்ப இரைச்சலுக்கு இந்த வித்தியாசம் 1.05 டெசிபெல். மின்னல் வெட்டுகள் கூடக்கூட அது ஏறும். இந்த எண் தெரிந்தால் அறிக்கையிலுள்ள வளைகோடுகளின் தொகுப்பிலிருந்து உரிய பரவலை எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் பயன்படுத்திய வரைதாளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் இன்றும் இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. குறுகிய பட்டையின் வழியே வரும் வெப்ப இரைச்சலின் உறை, அதாவது வேகமான அலைவை நீக்கிய பிறகு மிஞ்சும் வீச்சு, ரேலி பரவலைப் பின்பற்றும். ரேலி தாளில் நிகழ்தகவு அச்சு, அந்தப் பரவல் நேர்க்கோடாக விழும்படி இழுத்துச் சுருக்கப்பட்டிருக்கும். நேர்க்கோடு என்றால் வெப்ப இரைச்சல் மட்டும். அரிதான நிகழ்தகவுப் பக்கத்தில் கோடு திடீரென்று மேலே திரும்பினால் அது துடிப்பு வகை இடையூறு. நடுவில் தட்டையாகப் படுத்தால் சீரான கேரியர் ஒன்று உள்ளே இருக்கிறது. பழகியவர் தாளை ஒருமுறை பார்த்தே இடையூறின் இனத்தைச் சொல்லிவிடுவார். டேவிட் மிடில்டன் 1977-இல் வெளியிட்ட கணித மாதிரிகள், கோடு மேலே திரும்பும் அந்த வளைவுக்கு இயற்பியல் காரணம் சொன்னவை.

இந்தப் பின்னணியில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இப்படி நுழைந்தது. அது அடிப்படையில் அலைவரிசையைத் துடைத்துக்கொண்டே போகும் ஒரு சூப்பர்ஹெட்டரோடைன் ரிசீவர். அகல்வை, அதாவது ஸ்பானை, சுழியமாக்கினால் துடைப்பு நிற்கும். கருவி ஒரே அலைவரிசையில் நின்று, நேரத்துக்கு எதிராக உறையை வரையும். பரவலை அளக்க இந்த 'சீரோ ஸ்பான்' நிலையே போதும். 1975-இல் ஐஇஇஇ-488 தரமாக வந்த ஜிபிஐபி இணைப்பு, அந்தக் கோட்டைக் கணினிக்குள் இழுக்க வழி செய்தது. ஹியூலட் பேக்கர்டின் 8566 போன்ற கருவிகள் ஒரு கோட்டை 1001 புள்ளிகளாகக் கொடுத்தன. அந்த வரிசையில் பின்னால் வந்த 8566பி-யின் கட்டளைகளில், ஒரு கோட்டின் வீச்சுப் பரவலைக் கருவிக்குள்ளேயே கணக்கிட்டு இன்னொரு கோட்டில் சேர்த்துவைக்கும் கட்டளையே இருந்தது. 1990-இல் எஸ்சிபிஐ என்ற பொதுக் கட்டளை மொழி வந்த பிறகு, இன்று பைத்தானில் பைவிசா வைத்து இருபது வரியில் இதை எழுதிவிடலாம்.

இருபது வரி எழுதுவது எளிது. கடினம், கருவி தானாகவே செய்யும் உதவிகளை நிறுத்துவதில் இருக்கிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் மனிதக் கண்ணுக்காகக் கட்டப்பட்டது. திரையில் எந்தச் சிக்னலும் தவறிவிடக் கூடாது, கோடு ரொம்பவும் நடுங்கக் கூடாது என்று அது அக்கறைப்படுகிறது. பரவலை அளக்கும்போது அந்த ஒவ்வோர் அக்கறையும் பிழையாகிறது.

முதல் குற்றவாளி டிடெக்டர். சீரோ ஸ்பானில் கோடு திரையை ஒருமுறை கடப்பதே ஒரு ஸ்வீப். 20 மில்லிவினாடி ஸ்வீப்பை 1001 புள்ளியாகப் பிரித்தால் புள்ளிக்கு 20 மைக்ரோவினாடி. பிரிப்புப் பட்டையகலம், ஆய்வகப் பேச்சில் ஆர்பிடபிள்யூ, 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் உறை சுமார் ஒரு மைக்ரோவினாடியில் தன் பழைய மதிப்பை மறந்துவிடும். ஆக ஒவ்வொரு புள்ளியின் காலத்துக்குள்ளும் சுமார் 20 தனித்தனி மதிப்புகள் வந்துபோகின்றன. பீக் டிடெக்டர் அந்த 20-இல் பெரியதை மட்டும் எடுத்துக் கொடுக்கும். வெப்ப இரைச்சலுக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தால், உண்மையான நடுமதிப்பு சராசரித் திறனுக்கு 1.6 டெசிபெல் கீழே இருக்க, பீக் டிடெக்டரின் நடுமதிப்பு 5.3 டெசிபெல் மேலே போய் நிற்கும். ஏறத்தாழ 7 டெசிபெல் இடப்பெயர்ச்சி. பரவலின் அகலமும் சுருங்கிவிடும். சில கருவிகளில் வழக்கமாக இருக்கும் 'நார்மல்' டிடெக்டர் இன்னும் மோசம்: இரைச்சலைக் கண்டால் ஒரு புள்ளிக்கு உச்சத்தையும் அடுத்த புள்ளிக்குப் பள்ளத்தையும் மாறிமாறிக் கொடுக்கும். இதற்குச் சரியான டிடெக்டர் 'சாம்பிள்' ஒன்றுதான். ரீசெட் செய்தவுடன் கருவி தன் விருப்பமான டிடெக்டருக்குத் திரும்பிவிடும் என்பதால், புரோகிராம் ஒவ்வொரு முறையும் இதை வெளிப்படையாக அமைக்க வேண்டும்; அமைந்ததா என்று திரும்பக் கேட்டுப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்தது வீடியோ ஃபில்டர், விபிடபிள்யூ. அது உறையை மழித்து வழுவழுப்பாக்கும். பல கருவிகளில் விபிடபிள்யூ தானாக ஆர்பிடபிள்யூ அளவுக்கே அமைகிறது. பார்வைக்கு அது நல்லது. பரவலின் நுனிகளை அது வெட்டிவிடும். ஆர்பிடபிள்யூவைப் போலப் பத்து மடங்காவது விபிடபிள்யூ இருக்கட்டும். அவ்வளவு கிடைக்காவிட்டால் கருவி தரும் அதிகபட்சத்தை வைத்து, ஆர்பிடபிள்யூவைக் குறைத்துக்கொள்ளலாம். டிரேஸ் ஆவரேஜை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் லாக் அளவுகோலின் பழைய சிக்கலும் வருகிறது. டெசிபெலில் காட்டும் கருவி, டெசிபெலிலேயே சராசரி எடுத்தால் வெப்ப இரைச்சலை உண்மையைவிட 2.51 டெசிபெல் குறைத்துக் காட்டும். லாக் எடுத்த பிறகு சராசரி காண்பதும், சராசரி கண்ட பிறகு லாக் எடுப்பதும் ஒன்றாகாது. பரவலை எடுப்பதில் உள்ள பெரிய வசதி, இந்தச் சிக்கல் அங்கே எழுவதே இல்லை என்பது. தனித்தனி மாதிரியின் மட்டத்தைப் பெட்டி பெட்டியாக எண்ணிச் சேர்க்கும்போது அளவுகோல் லாக் ஆனாலும் லீனியர் ஆனாலும் வரிசை மாறுவதில்லை. சராசரி தேவைப்பட்டால் பிறகு அந்தப் பெட்டிக் கணக்கிலிருந்து, ஒவ்வொரு மட்டத்தையும் மில்லிவாட்டாக மாற்றி, எடையிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். 8566 போன்ற பழைய கருவி, கட்டத்துக்கு 10 டெசிபெல் வைத்தால் 0.1 டெசிபெல் படியில் மதிப்பைக் கொடுக்கும். பெட்டியின் அகலத்தையும் அதுவாகவே வைப்பது நல்லது. அதைவிடக் குறுகிய பெட்டி வைத்தால் வளைகோட்டில் சீப்புப் பல் மாதிரி இடைவெளிகள் தெரியும்.

கட்டளை வரிசையில் பலர் கவனிக்காத ஓர் இடம், கோட்டைப் படிக்கும் தருணம். ஸ்வீப்பைத் தொடர்ந்து ஓடவிட்டு நடுவில் கோட்டைக் கேட்டால், பாதி புதிய ஸ்வீப்பும் பாதி பழைய ஸ்வீப்புமாக வரும். சில புள்ளிகள் இரண்டு முறை எண்ணப்படும். ஒற்றை ஸ்வீப் முறைக்கு மாற்றி, ஸ்வீப்பைத் தொடங்கச் சொல்லி, முடிந்ததா என்று கேட்டு, பதில் வந்த பிறகே தரவை எடுக்க வேண்டும். தரவை எழுத்தாக வாங்காமல் 32-பிட் பைனரியாக வாங்கினால் ஒரு கோடு சுமார் 4 கிலோபைட்டில் முடிந்துவிடும்; பழைய ஜிபிஐபி இணைப்பில் இது காத்திருப்பைப் பாதியாக்கும்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. 20 மில்லிவினாடி ஸ்வீப் என்பது நம் மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று. டிரிக்கரை 'லைன்' நிலையில் விட்டுவிட்டால் ஒவ்வொரு ஸ்வீப்பும் மின்சாரச் சுற்றின் ஒரே இடத்தில் தொடங்கும். முழுச் சுற்றையும் எடுக்கும்வரை பாதகமில்லை. ஸ்வீப்பை 5 மில்லிவினாடியாக்கினால் மேக்னெட்ரான் எரியும் கால்பகுதியை மட்டும், அல்லது அணைந்திருக்கும் கால்பகுதியை மட்டும், ஆயிரம் முறை அளந்துகொண்டிருப்போம். டிரிக்கரை 'ஃப்ரீ ரன்' ஆக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து: ஸ்வீப்பும் தரவு மாற்றும் நேரமும் சேர்ந்து தற்செயலாக 20 மில்லிவினாடியின் மடங்காக அமைந்தால் மறுபடியும் அதே பூட்டு விழும். இரண்டு ஸ்வீப்புக்கு நடுவே தற்செயல் நீளமுள்ள ஒரு சிறு காத்திருப்பைச் சேர்ப்பது ஒரே வரிதான். இந்த நோயை முழுக்க அது தீர்த்துவிடுகிறது.

இனி, எத்தனை மாதிரி வேண்டும்? ஒரு மட்டத்தைத் தாண்டும் நிகழ்வு நூறு முறையாவது தனித்தனியாக நடந்திருந்தால்தான் அதன் நிகழ்தகவைச் சுமார் 10 சதவீதப் பிழையோடு சொல்ல முடியும். பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிகழ்தகவை அந்தத் துல்லியத்தில் காண 10 லட்சம் தனி மாதிரி தேவை: ஆயிரம் ஸ்வீப். 20 மில்லிவினாடி வீதம் கருவி உண்மையில் கேட்ட நேரம் 20 வினாடிதான். ஆனால் தரவு மாற்றத்தோடு சேர்த்துப் பல நிமிடம் ஓடும். லட்சத்தில் ஒன்றுக்கு இதன் பத்து மடங்கு. ஒரு மதியம் முழுக்க ஓடவிட்டால் கிடைக்கும். அதற்குக் கீழே சாதாரண அனலைசரோடு இறங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து. வளைகோட்டின் நுனியில் பத்துக்கும் குறைவான நிகழ்வுகள் மேல் நிற்கும் புள்ளிகளை வரையாமல் விடுவதே நேர்மை. கூர்மையாக நீளும் அந்த வால் பார்ப்பவரை மயக்கும். ஆனால் இன்னொரு நாள் அளந்தால் அது வேறு இடத்தில் இருக்கும்.

சிஸ்பர் 16-1-1 தரம் ஏபிடி கருவிக்கு வைத்த நிபந்தனைகளை இந்த வெளிச்சத்தில் படிப்பது சுவையானது. ஆர்பிடபிள்யூ 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு ஒரு கோடி மாதிரியாவது எடுக்க வேண்டும். இடைவெளி விடாமல் 2 நிமிடமாவது அளக்க முடிய வேண்டும். இடைவெளி விட்டால் அது மொத்த நேரத்தில் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கக்கூடிய மிகச்சிறிய நிகழ்தகவு கோடியில் ஒன்று. வீச்சின் வீச்செல்லை 60 டெசிபெலுக்கு மேல். 2 நிமிடத்தில் 120 கோடி மாதிரி சேரும். கோடியில் ஒன்று நிகழ்வுக்கு 120 மாதிரி கிடைக்கிறது என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் 1 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த பத்து மாதிரி கிட்டத்தட்ட ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. தனி நிகழ்வு என்று பார்த்தால் சுமார் 12. பிழை 30 சதவீதத்தை ஒட்டி வரும். நிகழ்தகவு அச்சே பத்தின் அடுக்குகளில் ஓடும் வரைபடத்தில் அது தாங்கக்கூடியதுதான். ஆனாலும் தரம் சொன்ன எண்ணைக் கண்மூடி நம்பாமல், எண்ணின் பின்னால் எத்தனை தனி நிகழ்வு என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

அப்படியானால் கோட்டுக்கு ஆயிரம் புள்ளி தரும் பழைய அனலைசர் தரத்துக்கு வெளியே நிற்கிறது. சான்றிதழ் அளவீட்டுக்கு அது உதவாது. இடையூறின் இனத்தைக் கண்டறியவும், ஒரு திருத்தம் பலித்ததா என்று முன்னும் பின்னும் ஒப்பிடவும், மாணவருக்குக் கற்பிக்கவும் தாராளமாக உதவும்.

அளவீட்டைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. செலவில்லாதது, தவறவிடவே கூடாதது. உள்ளீட்டில் ஆன்டெனாவுக்குப் பதிலாக 50 ஓம் டெர்மினேஷனைத் திருகுங்கள். இப்போது கருவி தன் சொந்த வெப்ப இரைச்சலை மட்டும் கேட்கிறது. புரோகிராமை ஓடவிட்டுச் சில எண்களைப் பாருங்கள். டெசிபெல் மதிப்புகளின் திட்டவிலக்கம் 5.57 வர வேண்டும். டெசிபெல் சராசரிக்கும் திறன் சராசரிக்கும் வித்தியாசம் 2.51 வர வேண்டும். சராசரித் திறனுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு நேரம் தாண்டும் மட்டம் 3.6 டெசிபெல், நூறில் ஒன்று 6.6, ஆயிரத்தில் ஒன்று 8.4, பத்தாயிரத்தில் ஒன்று 9.6. ரேலி தாளில் இவை நேர்க்கோட்டில் அமரும். திட்டவிலக்கம் 4 வந்தால் விபிடபிள்யூ மழிக்கிறது, அல்லது டிடெக்டர் தவறு. நுனி மட்டும் தட்டையாக வெட்டுப்பட்டால் ரெஃபரன்ஸ் லெவல் தாழ்வாக இருக்கிறது. இந்த எண்களை இயற்கையே இலவசமாகக் கொடுத்திருக்கிறது. விலையுயர்ந்த அளவுத்திருத்தக் கருவி எதுவும் வேண்டாம். புரோகிராமுக்குள்ளேயே இச்சோதனையை ஒரு கட்டாயப் படியாக எழுதிவைப்பவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

அதற்கு அடுத்த சோதனை, ஆன்டெனாவை மாட்டிய பின். உள்ளீட்டு அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டுங்கள். கருவி அதை ஈடுசெய்து காட்டுவதால் வளைகோட்டின் மேற்பகுதி நகரக் கூடாது; இரைச்சல் தளம் மட்டும் 10 டெசிபெல் ஏற வேண்டும். மேற்பகுதி நகர்ந்தால் மிக்ஸர் திணறுகிறது. ஆர்பிடபிள்யூ குறுகலாக இருப்பதால் மிக்ஸரும் குறுகிய பட்டையை மட்டுமே பார்க்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்துக் கோபுரத்தின் எஃப்எம் ஒலிபரப்பு முழுதும் அதன் மேல்தான் விழுகிறது. முன்னால் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் வைப்பதுதான் மருந்து.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: நாம் எடுத்த வளைகோடு சிக்னலுடையதா, சிக்னலும் ஃபில்டரும் சேர்ந்ததுடையதா? எப்போதும் பின்னதுதான். ஆர்பிடபிள்யூவைப் பத்து மடங்காக்கினால் வெப்ப இரைச்சல் 10 டெசிபெல் ஏறும். தனித்த ஒரு தீப்பொறித் துடிப்பின் உச்சமோ 20 டெசிபெல் ஏறும். அதே சமயம் அதன் அகலம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதால் அது வகிக்கும் நேரப் பங்கும் பத்தில் ஒன்றாகும். அதாவது வளைகோட்டின் ஒரு பகுதி நேராக மேலே போகிறது, இன்னொரு பகுதி மேலேயும் பக்கவாட்டிலும் போகிறது. உருவமே மாறிவிடுகிறது. ஆகவே ஆர்பிடபிள்யூவைக் குறிக்காத ஏபிடி வரைபடத்தால் பயனில்லை. எந்த ரிசீவரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதன் பட்டையகலத்துக்கு நெருங்கிய ஆர்பிடபிள்யூவில் அளப்பதே பொருளுள்ள அளவீடு. 9 கிலோஹெர்ட்ஸ், 120 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ் என்ற சிஸ்பர் பட்டையகலங்கள் ஒப்பீட்டுக்கு வசதியானவை. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்கும் வைஃபை ரிசீவர் என்ன அனுபவிக்கிறது என்பதை 1 மெகாஹெர்ட்ஸில் எடுத்த வளைகோடு நேரடியாகச் சொல்லாது.

செல்பேசித் துறையின் சிசிடிஎஃப் பயன்பாட்டை இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன். அங்கே அளக்கப்படுவது இடையூறு இல்லை, நாமே அனுப்பும் சிக்னல். 52 துணைக் கேரியர் கொண்ட வைஃபை சிக்னலின் உச்சம், கோட்பாட்டில் சராசரியைவிட 17 டெசிபெல்வரை ஏறலாம். அந்த உச்சம் நடைமுறையில் அநேகமாக வருவதே இல்லை. அதற்காக ஆம்ப்ளிஃபையரைப் பெரிதாகக் கட்டினால் மின்சாரம் வீண். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் எந்த மட்டம் தாண்டப்படுகிறது என்பதைச் சிசிடிஎஃப் சொல்ல, வடிவமைப்பாளர் அதை வைத்து முடிவெடுக்கிறார். இதற்கு ஆர்பிடபிள்யூ, சிக்னலின் முழு அகலத்தையும் விழுங்குமளவு இருந்தாக வேண்டும். பழைய அனலைசரின் 3 மெகாஹெர்ட்ஸ் உச்சவரம்பு இங்கே எடுபடாது.

ஏபிடியின் மேல் வைக்கப்படும் மிகப்பெரிய நம்பிக்கை, அதிலிருந்து பிட் பிழை வீதத்தைக் கணிக்கலாம் என்பது. சுவீடனைச் சேர்ந்த வீக்லண்ட் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பைக் கணித முறையில் நிறுவியது. ஜப்பானிய ஆய்வாளர்களும் இதே திசையில் நிறைய உழைத்திருக்கிறார்கள். எளிய மாடுலேஷனுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பரவல் என்பது நேர வரிசையை அழித்துவிட்டு எடுத்த கணக்கு. ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் இடையூறு என்று ஏபிடி சொன்னால், அது 10 மில்லிவினாடி நீண்ட ஒரே அடியா, ஒரு மைக்ரோவினாடி வீதம் சிதறிய பத்தாயிரம் குத்துகளா என்று அதற்குத் தெரியாது. பிழை திருத்தக் குறியீடு உள்ள ரிசீவர் சிதறிய குத்துகளை அமைதியாகத் திருத்திவிடும். நீண்ட அடியில் பாக்கெட்டையே இழக்கும். எனவே ஏபிடியை மட்டும் வைத்து இன்றைய ரிசீவரின் தலைவிதியை எழுதுவதை நான் ஏற்கவில்லை. சாம்பிள் டிடெக்டரில் எடுத்த மாதிரிகளை எண்ணிவிட்டுத் தூக்கி எறியாமல், கோடுகளை நேர முத்திரையோடு சேமித்தால், வரம்பைத் தாண்டிய நேரங்களின் நீளப் பரவலையும் பிறகு எடுக்க முடியும். இன்று சேமிப்புக்கு விலையே இல்லை. புரோகிராமில் இதற்கு இடம் வைக்காததற்கு எந்தக் காரணமும் இல்லை.

தரங்களும் நகர்ந்திருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளுக்கான சிஸ்பர் 11, 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் உச்ச அளவோடு, 10 ஹெர்ட்ஸ் விபிடபிள்யூ வைத்து லாக் முறையில் மழித்தெடுத்த ஓர் எடையிட்ட அளவையும் கேட்டுவந்தது. அந்த மழிப்பு மேக்னெட்ரானின் துடிப்பை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்ததிலிருந்தே ஊகிக்கலாம். 2019-இல் வந்த திருத்தம் ஏபிடி முறைக்கும் இடம் கொடுத்தது. காலம் கடந்த மாற்றம் என்றாலும் மகிழ்ச்சி தருவது.

கருவிகள் இன்னும் வேகமாக நகர்ந்துவிட்டன. 2006-இல் டெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட ஆர்எஸ்ஏ6100ஏ வினாடிக்கு 48,000-க்கு மேல் ஸ்பெக்ட்ரங்களை எடுத்து, ஒவ்வோர் அலைவரிசையிலும் எந்த வீச்சு எத்தனை முறை வந்தது என்பதை நிறத்தால் காட்டியது. அலைவரிசைக்கு அலைவரிசை வீச்சுப் பரவலையே படமாக்கியது போன்றது அது. இன்றைய அனலைசர்கள் ஐ-க்யூ மாதிரிகளை நேரடியாகக் கொடுக்கின்றன. டிடெக்டர், விபிடபிள்யூ, லாக் மூன்றும் வழியிலிருந்து விலகுகின்றன. ஆனால் ஆர்பிடபிள்யூ ஃபில்டரை இப்போது நாமே மென்பொருளில் கட்ட வேண்டும். அதன் வடிவம் காஸியனா, சதுரமா என்பதைப் பொறுத்துத் துடிப்பின் உச்சம் மாறும். பொறுப்பு கருவியிடமிருந்து புரோகிராம் எழுதுபவரிடம் வந்திருக்கிறது.

விலை குறைந்த வழியும் உண்டு. தொலைக்காட்சிக்காகச் செய்த ஆர்டிஎல்2832யு சிப் கொண்ட யுஎஸ்பி குச்சி, 2012-இலிருந்து மாணவர்களின் ரிசீவராகிவிட்டது. அது வினாடிக்குச் சுமார் 24 லட்சம் மாதிரியை இடைவெளியின்றிக் கொடுக்கும்; கோட்டுக்கு ஆயிரம் புள்ளி தரும் அனலைசரைவிட மாதிரி எண்ணிக்கையில் எங்கோ முன்னே நிற்கிறது. குறை, 8 பிட் மட்டுமே. வீச்செல்லை 50 டெசிபெலை ஒட்டியே நிற்கும். சிஸ்பர் கேட்கும் 60 எட்டாது. தானியங்கி கெயினை அணைக்காவிட்டால் அளவீடே செல்லாது. நடு அலைவரிசையில் நிற்கும் போலி முள்ளைத் தவிர்க்க, அளக்கும் இடத்தைச் சற்றுத் தள்ளி டியூன் செய்ய வேண்டும். பரவலாகக் கிடைக்கும் குச்சிகள் 1.7 கிகாஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடுவதால் மைக்ரோவேவ் அடுப்பு அவற்றுக்குக் கேட்காது. ஆனால் மின்கம்பத்தின் இன்சுலேட்டரில் வெடிக்கும் தீப்பொறி நன்றாகவே கேட்கும். நூறு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, ஒலிபரப்பு இல்லாத ஓர் இடத்தில் டியூன் செய்து பத்து நிமிடம் எடுத்தாலே, ரேலி தாளில் கோடு நேராக வந்து எந்த இடத்தில் மேலே திரும்புகிறது என்று மாணவர் தம் கண்ணால் பார்த்துவிடலாம்.

இதே தீப்பொறி இரைச்சலோடுதான் புணே அருகிலுள்ள ஜிஎம்ஆர்டி வானொலித் தொலைநோக்கியும் போராடுகிறது. 45 மீட்டர் விட்டமுள்ள அதன் 30 ஆன்டெனாக்களிலிருந்தும் வரும் சிக்னலில், வானத்துச் செய்தி காஸியன் இரைச்சலாகவே வருகிறது. மின்கம்பித் துடிப்புகள் அந்தப் பரவலின் வாலில் வந்து ஒட்டுகின்றன. அங்கே மாதிரிகளின் நடுமதிப்பையும், நடுமதிப்பிலிருந்து விலகல்களின் நடுமதிப்பையும் ஓட்டத்திலேயே கணக்கிட்டு, பின்னதை 1.4826-ஆல் பெருக்கித் திட்டவிலக்கத்தை மதிப்பிடுகிறார்கள். சராசரியை நம்பினால் துடிப்புகளே அந்தச் சராசரியை மேலே இழுத்துவிடும், நடுமதிப்பு அசைவதில்லை. அந்த மதிப்பீட்டை வைத்து அமைத்த வரம்பைத் தாண்டும் மாதிரிகள் அந்தக் கணமே மாற்றப்படுகின்றன.